பேஷ் ஷெல்லின் வடிவப் பொருத்தம்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் குடும்பம் வழிபடும் கோவிலின் பழைய படங்களையும் பதிவேட்டு நகல்களையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, சென்ற ஆண்டு தைப்பூசக் காவடி முடிந்து ஏழு கறிச் சோறு உண்டு எழுந்த அன்றே என் தலையில் வந்து விழுந்தது. மூன்று வன்தட்டுகளில் ஏறத்தாழ 11,000 கோப்புகள் இருந்தன. பெயரிட்டவர்கள் ஐந்தாறு பேர். ஒருவர் தமிழிலும், ஒருவர் பிரெஞ்சிலும், ஒருவர் கிரியோலிலும், இன்னொருவர் படக்கருவி தந்த எண்ணை அப்படியே விட்டும் வைத்திருந்தார்கள். இவற்றைப் பிரித்து அடுக்க நான் எடுத்துக்கொண்ட கருவி, லினக்ஸ் கணினிகளோடு விலையின்றி வரும் பேஷ் ஷெல்லின், அதாவது நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலின், வடிவப் பொருத்தம். கட்டளையில் காவடி* என்று எழுதினால், அவ்வாறு தொடங்கும் கோப்புப் பெயர்கள் அனைத்தையும் ஷெல்லே தேடி அந்த இடத்தில் நிரப்பித் தருகிறதே, அந்த வசதிதான். நான் பயன்படுத்தியது 5.2 பதிப்பு.

முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். கருவி நல்லது, ஆனால் வெறும் கைப்பழக்கத்துக்கு அது அடங்குவதில்லை. அதன் அடியில் கிடக்கும் முடிவுறு தானியங்கி (எழுத்தெழுத்தாகப் படித்து, நிலைவிட்டு நிலை மாறி, ஏற்பதா மறுப்பதா என்று சொல்லும் கற்பனை இயந்திரம்) பற்றிய கோட்பாட்டை ஓரளவேனும் நினைவில் வைத்திருப்பவரிடம்தான் அது சொன்னபடி நடக்கிறது. எனக்கு நேர்ந்த தொல்லைகளில் பெரும்பாலானவை, கல்லூரியில் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்த அந்தப் பாடத்தை மறந்தே இருந்ததால் வந்தவை.

அடிப்படைக் குறிகள் மூன்றே. உடுக்குறி (*) எத்தனை எழுத்தையும், எழுத்தே இல்லாமையையும் ஏற்கும். வினாக்குறி சரியாக ஓர் எழுத்தை ஏற்கும். சதுர அடைப்பு தனக்குள் எழுதியவற்றுள் ஒன்றை ஏற்கும். 1971-இல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பிலேயே இந்த வசதி இருந்தது. அன்று ஷெல்லுக்குள் அல்லாமல் குளோப் என்னும் தனி நிரலாக இந்த வேலை நடந்ததால், இன்றும் இதற்குக் குளோபிங் என்ற பெயர் வழங்குகிறது.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கணிதவியலர் ஸ்டீபன் கிளீனி, 1943-இல் மெக்கல்லக்கும் பிட்ஸும் வரைந்த நரம்பு வலை மாதிரிகளை ஆராய்ந்து 1951-இல் எழுதி 1956-இல் அச்சேறிய கட்டுரையிலிருந்து வந்த உடு வேறு. ஷெல்லின் உடு வேறு. கிளீனியின் உடு தனக்கு முன்னால் நிற்பதை மீண்டும் மீண்டும் எழுதலாம் என்று சொல்லும் வினைக்குறி. கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் முதலிய நிரல்களில் எழுதும் வடிவமான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் க* என்றால் 'க' எத்தனை முறையும் வரலாம் என்று பொருள். ஷெல்லில் அதே க* என்பது, முதலில் ஒரு 'க', அதன்பின் எதுவும் என்று பொருள்படும். இரண்டையும் ஒரே நாளில் மாறி மாறி எழுதுபவர் தடுமாறுவது இயல்பு. நான் இன்றும் வாரத்துக்கு ஒரு முறையாவது தடுமாறுகிறேன்.

தானியங்கி என்பதை நம் ஊர் மெட்ரோவைக் கொண்டே விளக்கிவிடலாம். ஒவ்வொரு நிலையமும் ஒரு நிலை. கோப்புப் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு பயணச்சீட்டு. அந்தச் சீட்டுக்கு உரிய அடுத்த நிலையத்துக்குப் பயணி நகர்கிறார். பெயர் முடியும்போது அவர் கியூர்பிப் நிலையத்தில் நின்றால் பெயர் பொருந்தியது. வேறெங்கு நின்றாலும் பொருந்தவில்லை. உடுக்குறி என்பது எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் அங்கேயே நிற்கவும் அனுமதிக்கும் ஒரு நிலையம். அங்கே ஒரு சிக்கல் உண்டு: கையில் இருக்கும் சீட்டு அடுத்த நிலையத்துக்கும் செல்லும் என்றால், நிற்பதா, போவதா? ரோஸ் ஹில்லில் பாதை இரண்டாகப் பிரிந்து ஒன்று எபென் வழியாக ரெதுய்க்கும் மற்றொன்று கியூர்பிப்புக்கும் போவதைப் போல, இரண்டு வழியிலும் ஒவ்வொரு பயணியை அனுப்பிவிடு என்பதுதான் 1959-இல் மைக்கேல் ராபினும் டேனா ஸ்காட்டும் எழுதிய கட்டுரையின் தீர்மானமற்ற தானியங்கி. எந்தெந்த நிலையங்களில் பயணிகள் நிற்கிறார்கள் என்னும் கூட்டத்தையே ஒரு புதிய நிலையாகக் கொண்டால், தயக்கமே இல்லாத ஒரு தானியங்கியை அமைத்துவிடலாம் என்றும் அவர்கள் காட்டினார்கள். நிலையங்கள் n இருந்தால் கூட்டங்கள் 2-இன் n அடுக்கு வரை போகலாம் என்பதுதான் அதற்கான விலை. இருவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 1976-இல் கிடைத்தது.

மூன்று குறிகள் மட்டுமே உள்ள ஷெல்லுக்கு இந்தக் கோட்பாடு கூறும் செய்தி, அது மிக எளிய இயந்திரம் என்பதே. எடுத்துக்காட்டாக, எழுத்துகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள பெயர்களை மட்டும் பொறுக்கித் தா என்று அதனிடம் கேட்க முடியாது. காரணம் எளிது. உடுக்குறி இல்லாத வடிவம் ஒரே ஒரு நீளத்தைத்தான் ஏற்கும். உடுக்குறி உள்ள வடிவமோ, ஒரு பெயரை ஏற்றால், உடு நிற்கும் இடத்தில் இன்னோர் எழுத்தைச் செருகிய பெயரையும் ஏற்றே தீரும்; இரட்டை அங்கேயே ஒற்றையாகிவிடுகிறது. (லினக்ஸின் பெரும்பாலான கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது, ஆகவே எல்லா நீளங்களையும் தனித்தனியாக எழுதி வைத்துவிடலாமே என்று கேட்பவருக்கு வாதத்தில் வெற்றியும் விரலில் வலியும் கிடைக்கும்.) இந்த எளிமையை நான் குறையாகச் சொல்லவில்லை. கோவில் படங்களைப் பிரிக்கும் வேலையில் பத்தில் எட்டுப் பங்குக்கு இந்த மூன்று குறிகளே போதுமாக இருந்தன.

மீதி இரண்டு பங்கு பதிவேடுகளால் வந்தது. மொரீஷியஸ் தமிழ்க் குடும்பப் பெயர்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. கப்பலில் வந்த முத்துசாமியின் பெயரைக் காதால் கேட்டு எழுதிய எழுத்தர்கள், 'மு' என்பதற்கு இரட்டை ஓ போட்டார்கள். ரெயூனியன் தீவில் ஓ-யு போட்டார்கள். பின்னாளில் தமிழ் கற்றவர்கள் யு மட்டும் போட்டார்கள். அடுத்து வரும் டி ஒன்றா இரண்டா, அதற்குப் பின் எச் உண்டா இல்லையா, எஸ் ஒற்றையா இரட்டையா என்று ஒவ்வோர் இடத்திலும் கிளை பிரிகிறது. ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறைச் சான்றிதழ்கள் நான்கு எழுத்துக்கூட்டலில் இருப்பதைக் கண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட தொகுப்புக்கு எக்ஸ்ட்குளோப் என்னும் விரிவாக்கத்தை இயக்கிக்கொள்ள வேண்டும். டேவிட் கார்னின் கார்ன் ஷெல்லிலிருந்து பேஷுக்கு வந்த வசதி இது. அடைப்புக்குறிக்குள் மாற்றுகளைக் கோடிட்டு எழுதி, முன்னால் @ இட்டால் அவற்றுள் ஒன்று; ? இட்டால் ஒன்றோ ஒன்றுமில்லையோ; + இட்டால் ஒன்றோ பலவோ; * இட்டால் எத்தனை முறையும்; ! இட்டால் அவற்றுள் எதுவுமல்லாதது. எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரே வடிவத்துக்குள் அடக்கி எழுதி முடித்தபோது, அந்த வடிவம் ஒரு தானியங்கியின் வரைபடமாகவே என் கண்ணுக்குத் தெரிந்தது: பிரிந்து, கூடி, மீண்டும் பிரியும் பாதைகள்.

இந்த விரிவாக்கம் வந்தவுடன் கருவியின் தரமே மாறிவிடுகிறது. கிளீனியின் உடு இப்போது ஷெல்லுக்குள்ளும் கிடைத்துவிட்டது, *(??) என்று எழுதினால், சற்று முன் முடியாது என்று நிறுவிய இரட்டைப்படைப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒன்றுசேர்த்தல், தொடுத்தல், மீட்டெழுதல் ஆகிய மூன்றும் இருந்தால், முடிவுறு தானியங்கி ஏற்கக்கூடிய எதையும் எழுதிவிடலாம் என்பது கிளீனியின் தேற்றம். அதோடு மறுத்தலும் இருக்கிறதே, அது இன்னும் வலிமை சேர்க்குமா என்றால், சேர்க்காது. தயக்கமற்ற தானியங்கியில் ஏற்கும் நிலைகளையும் ஏற்காத நிலைகளையும் இடம் மாற்றிவிட்டால் மறுப்புக்குரிய தானியங்கி கிடைத்துவிடுகிறது. எனவே வியப்புக்குறி எழுதுபவரின் வசதிக்காக மட்டுமே. அந்த வசதிதான் என்னைக் கவிழ்த்தது.

காவடிப் படங்களைத் தனியே வைத்துவிட்டேன், மற்றவற்றை இந்தக் கோப்புறையிலிருந்து நீக்கலாம் என்று எண்ணி, 'காவடி' எனத் தொடங்காதவை என்ற பொருளில் !(காவடி)* என்று எழுதி அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். உறை முழுவதும் காலியாயிற்று; காவடிப் படங்களும் போயின. ஷெல் தவறவில்லை, நான்தான் தவறினேன். காவடி-017 என்னும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவத்தின் முதற்பகுதி 'காவடி என்பதல்லாத ஏதாவது' என்று கேட்கிறது. வெற்றுச் சொல் 'காவடி' அல்லவே. ஆகவே முதற்பகுதி ஒன்றையும் விழுங்காமல் நிறைவடைகிறது, மீதி முழுவதையும் உடுக்குறி விழுங்கிவிடுகிறது. அந்த வடிவத்துக்குத் தப்பும் பெயரே உலகில் இல்லை. நான் எழுதியிருக்க வேண்டியது !(காவடி*) என்பது. உடு அடைப்புக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்னும் ஓர் எழுத்து இடமாற்றத்தில் ஒரு தொகுப்பே போய்விடும். நல்லவேளையாக நகல் வன்தட்டு அலமாரியில் இருந்தது. மறுத்தலும் தொடுத்தலும் ஒன்றோடொன்று சேரும்போது நம் உள்ளுணர்வு உதவாது. மறுப்பை எழுதும்போது முழுப் பெயரையும் அடைப்புக்குள் வைத்தே எழுதுவது என்று அன்று முதல் வழக்கமாக்கிக்கொண்டேன்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் என் வேலைக்கு அது தடையாகவில்லை. ஆயினும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. வடிவத்தின் ஆற்றல் தானியங்கியின் ஆற்றல் என்பதால், உள்ளே தானியங்கிதான் ஓடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்ப்சன் 1968-இலேயே, பயணிகள் கூட்டத்தை ஒருசேர நகர்த்திக்கொண்டு பெயரை ஒரே முறை படித்து முடிக்கும் வழியை அச்சிட்டுக் காட்டினார். பேஷோ ஒரு வழியில் போய்ப் பார்த்து, முட்டினால் திரும்பிவந்து, அடுத்த வழியில் போகும் முறையைக் கையாள்கிறது. வெறும் உடுக்குறிகள் மட்டுமிருந்தால் இதனால் கேடில்லை. புதிய உடுவை எட்டியபின் பழைய உடுவுக்குத் திரும்பவேண்டிய தேவையே இல்லை என்பதால், வேலை இரு நீளங்களின் பெருக்கத்தைத் தாண்டாது. விரிவாக்க அடைப்புக்குள் அடைப்பாக +(+(அ))ஆ என்பதுபோல் எழுதினால்தான் கதை மாறுகிறது. 30 'அ' மட்டுமே உள்ள பெயரை அடுத்தடுத்த துண்டுகளாகப் பிரிக்க 2-இன் 29 அடுக்கு, அதாவது 53 கோடிக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. இறுதியில் 'ஆ' இல்லை என்று அறிய, திரும்பித் திரும்பி முயலும் முறை அவை அத்தனையிலும் அலையக்கூடும். அதே கேள்விக்குத் தானியங்கிக்கு வேண்டியவை நான்கு நிலைகள், ஒரே ஒரு வாசிப்பு.

இனி, தமிழில் பெயரிடுபவர்கள் கட்டாயம் அறியவேண்டிய பகுதிக்கு வருகிறேன். எந்தத் தானியங்கிக்கும் முதலில் சொல்லவேண்டியது அதன் எழுத்துத் தொகுதி எது என்பது. நாம் 247 எழுத்துகள் என்று எண்ணுகிறோம். ஷெல் எண்ணுவது யூனிகோடு குறியெண்களை. 'கி' நமக்கு ஓர் எழுத்து. ஷெல்லுக்கு 'க' ஒன்று, இகரத் துணைக்குறி ஒன்று என இரண்டு. எனவே ஒற்றை வினாக்குறி 'க'வை ஏற்கும், 'கி'யை ஏற்காது. 'ஸ்ரீ' நான்கு வினாக்குறிகளைக் கேட்கும். மொழி அமைப்பைச் சரியாக வைக்காத கணினியில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே ஷெல் பைட்டுகளை எண்ணத் தொடங்குகிறது, ஒரு 'க'வுக்கே மூன்று வினாக்குறிகள் வேண்டியிருக்கும். 255 பைட் வரம்புக்குள் ஒரு தமிழ்ப் பெயர் 85 குறியெண்களோடு முடிந்துவிடுவதும் இதனால்தான். திருமண அழைப்பிதழை அப்படியே கோப்புப் பெயராக்க விரும்புபவர்கள் கவனிக்கவும்.

எண்ணிக்கையாவது ஒழுங்காக இருக்கிறது. இரட்டை வடிவம்தான் உண்மையான தலைவலி. 'கோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டு இரண்டாகவும் எழுதலாம்; திரையில் வேறுபாடு தெரியாது. பழைய மேக் கணினி ஒன்றிலிருந்து வந்த வன்தட்டில் எல்லாப் பெயரும் பிரித்தெழுதிய வடிவில் இருந்தன, ஏனெனில் அந்தக் கோப்பு முறைமை பெயர்களை அப்படிப் பிரித்தே சேமிக்கும். கோவில்* என்று தேடியபோது பாதிக் கோப்புகள் வரவில்லை. பிரெஞ்சுப் பெயர்களிலும் இதே நோய் உண்டு. ரெயூனியன் என்பதன் மேற்குறியிட்ட ஈ எழுத்து ஒன்றாகவும் வரும், இரண்டாகவும் வரும். இதற்குக் கான்வ்எம்வி என்னும் சிறு நிரலைக் கொண்டு எல்லாப் பெயர்களையும் சேர்த்தெழுதிய வடிவுக்கு மாற்றிவிட்டேன்.

அந்த மாற்றத்துக்கும் மசியாத ஒன்று இருந்தது. ஸ்ரீ என்பதைச் சிலர் 'ஸ'வைக் கொண்டும், சிலர் 'ஶ'வைக் கொண்டும் உள்ளிட்டிருக்கிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்தான். யூனிகோடு இவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை, ஆகவே எந்த நிரலும் தானாகச் சேர்த்துத் தராது. நம் கோவில் பெயர்களில் எத்தனை ஸ்ரீயில் தொடங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். @(ஸ்ரீ|ஶ்ரீ)* என்று இரண்டையும் எழுதியபின்தான் தொகுப்பு முழுமையாயிற்று. தட்டச்சு செய்தவரைக் குறைசொல்ல முடியாது. விசைப்பலகை எதைக் கொடுத்ததோ அதைத்தான் அவர் வாங்கினார்.

சதுர அடைப்பின் எல்லைக் குறிப்பையும் தமிழில் நம்பாதீர்கள். நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின் ழ, ள, ற, ன ஆகியவை வருகின்றன. யூனிகோடு வரிசையிலோ இந்த நான்கும் வகரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. ஆகவே [க-வ] என்பது எதைத் தரும் என்பது, அந்தக் கணினி எந்த மொழியின் வரிசையைப் பின்பற்றுகிறது என்பதைப் பொறுத்தது. ஆங்கில எழுத்துகளுக்கு இந்தக் குழப்பம் 2019-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து இயல்பாகவே தீர்க்கப்பட்டுவிட்டது; அதற்கு முன் சில மொழி அமைப்புகளில், சிற்றெழுத்து ஏ முதல் இசட் வரை என்று எழுதினால் பேரெழுத்துகளும் உள்ளே நுழைந்துவிடும். 1998-இல் புதிய மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில் இந்தி எழுத்து தமிழுக்கு முன்னால் அச்சாகி, எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் இந்த ஊர்க்காரர்களுக்கு, வரிசை என்பது அற்பமான செய்தி அன்று என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. வேண்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடைப்புக்குள் எழுதிவிடுவதே நல்லது.

சில்லறைக் குறைகளும் உண்டு. எந்தக் கோப்பும் பொருந்தாதபோது பேஷ் வாயைத் திறக்காமல் அந்த வடிவத்தையே பெயராகக் கட்டளைக்கு அனுப்பிவைக்கிறது. இதைத் தவிர்க்க நல்குளோப் என்னும் அமைப்பை இயக்கினால் வடிவம் மறைந்துவிடுகிறது. அப்போது பட்டியலிடும் எல்எஸ் கட்டளை, தனக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை என்று எண்ணி உறை முழுவதையும் பட்டியலிடுகிறது. பிழை காட்டி நின்றுவிடும் ஃபெயில்குளோப் அமைப்பே எனக்கு உகந்ததாகப் பட்டது. புள்ளியில் தொடங்கும் பெயர்களை உடுக்குறி தொடாது, சாய்கோட்டையும் தாண்டாது. ஆனால் அதே வடிவத்தை, ஒரு சொல்லை வடிவங்களோடு ஒப்பிடும் கேஸ் கட்டளைக்குள் எழுதினால் இரண்டையும் தாண்டும். ஒரே உடு, இரண்டு எழுத்துத் தொகுதிகள். கையேட்டில் இருக்கிறது, கையேட்டைப் படிப்பவர்தான் இல்லை.

வாங்குவதற்கு முன் பார்க்கவேண்டியவை என்று கடைகளில் சொல்வார்களே, அப்படி இரண்டு. மேக் கணினியோடு வரும் பேஷ் இன்னும் 3.2 பதிப்புதான், 2009-இல் 4.0-உடன் வந்த, உள்ளுறைகளுக்குள்ளும் இறங்கித் தேடும் இரட்டை உடு அதில் இல்லை. உபுண்டுவில் எஸ்எச் என்ற பெயரில் ஓடுவது பேஷ் அன்று, டேஷ் என்னும் வேறொரு ஷெல். அதற்கு விரிவாக்க வடிவங்கள் தெரியாது. மேக் வைத்திருப்பவர்கள் 2019 முதல் அதன் இயல்பு ஷெல்லாக இருக்கும் இசட்ஷெல்லையே பயன்படுத்தலாம். வடிவம் பொருந்தாவிட்டால் அது பிழை காட்டி நிற்கிறது, கோப்பு மட்டும், உறை மட்டும் என்று பிரித்துக் கேட்கவும் அதில் வழி உண்டு. குறிகள் மிகுதி என்பதால் என் நினைவு அதற்கு ஈடுகொடுக்கவில்லை, பேஷிலேயே இருந்துவிட்டேன்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். கழித்த ஒன்று, பொருந்தாதபோது காட்டும் மௌனத்துக்காக. இருநூறு முந்நூறு படங்கள் வைத்திருப்பவர்கள் சுட்டியாலேயே தேர்ந்து நகர்த்திக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர்கள், அதிலும் பல கைகள் பல மொழிகளில் பெயரிட்ட தொகுப்பை வைத்திருப்பவர்கள், ஒரு மாலையை ஒதுக்கி எக்ஸ்ட்குளோபைப் பழகிக்கொள்ளலாம். அழிக்கும் கட்டளைக்கு முன்னால் அதே வடிவத்தை, கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோ கட்டளைக்குக் கொடுத்து, திரையில் விரியும் பெயர்களை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். நான் இப்போது இரண்டு தடவை வாசிக்கிறேன்.